மஞ்சள் அட்டைக்கு வந்த மவுசு

நான்கு வருடம் செவிலியர் படிப்பு படித்த பெண்ணுக்கு ஒரே வாரத்தில் இரண்டு வேலை கிடைத்தால் அந்த வீட்டில் மகிழ்ச்சி பொங்கும் என்று நினைப்பவர்கள் குடும்பம் நடத்தி அறியாதவர்கள். ஒரு வேலை கிடைத்தால்தான் மகிழ்ச்சி. இரண்டு கிடைத்தால் விசாரணைக் கமிஷன்.

அந்தப் பெண்ணுக்கு வீட்டில் தெர்மாமீட்டர் என்று பெயர். ஒல்லியாக இருப்பாள், சட்டென்று சூடேறுவாள். கல்லூரியில் சேர்ந்த அன்று அக்கா வைத்த பெயர். பட்டம் வாங்கிய பிறகும் ஒட்டிக்கொண்டுதான் இருந்தது.

முதல் கடிதம் நானூறு படுக்கைகள் கொண்ட பெரிய மருத்துவமனையிலிருந்து வந்தது. ஆறு மாதம் பயிற்சிச் செவிலியர். கழுத்தில் மஞ்சள் அட்டை தொங்கும். அது தொங்கும்வரை மூத்த செவிலியர் ஒருவர் பக்கத்தில் நின்று பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் ஒரு மாத்திரைகூடக் கொடுக்கலாம். இரண்டாவது கடிதம் இரண்டு தெரு தள்ளியிருந்த பன்னிரண்டு படுக்கை மருத்துவமனையுடையது. அங்கே சேர்ந்த அன்றே வார்டு பொறுப்பாளர். தனி மேசை, சுழல் நாற்காலி, சாவிக்கொத்து, ஏவல் கேட்க ஓர் ஆயா. முன்பிருந்த பொறுப்பாளர் போய்விட்டாராம். அவருக்கு முன்பிருந்தவரும் போய்விட்டாராம். ஏன் போனார்கள் என்று யாரும் கேட்கவில்லை. நாற்காலி காலியாக இருப்பதைவிடப் பெரிய தகுதி வேறென்ன வேண்டும்? சம்பளம் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால், சண்டை போட மானம் மட்டுமே மிஞ்சியது.

திங்கட்கிழமை பத்து மணிக்குள் இரண்டு இடத்துக்கும் பதில் சொல்ல வேண்டும். ஞாயிறு மதியம் கமிஷன் கூடியது. தலைவர் அப்பா. பேருந்துப் பணிமனையில் முப்பத்தோரு வருடம் நேரக்காப்பாளராக இருந்தவர். இன்றும் வீட்டில் யார் குளியலறைக்குள் போனாலும் கடிகாரத்தைப் பார்ப்பார். வண்டி தாமதம் என்பதுபோல் ஒரு மூச்சு விடுவார்.

"நாலு வருஷம் ஓட்டிப் பழகின பொண்ணுக்கு மறுபடியும் எல் போர்டா?" என்றார் அப்பா, மஞ்சள் அட்டைப் பத்தியை விரலால் தட்டி. "நம்ம டிப்போவில இப்படிச் செஞ்சிருந்தா ஒரு வண்டி கிளம்பியிருக்காது."

"அதானே," என்றாள் அம்மா. "யாராவது கேட்டா என்னன்னு சொல்றது? இவ இன்னும் பழகிட்டிருக்கான்னா?"

"அம்மா, எல்லா நர்ஸும் அப்படித்தான் ஆரம்பிப்பாங்க."

"எல்லாரும் நம்ம வீட்டுப் பொண்ணா?"

அடுத்துப் பேசியவர் வீட்டு மாப்பிள்ளை, அக்கா கணவர். மெத்தைக் கடை மேலாளர். எந்த மெத்தையின் உறுதியையும் தம் உடம்பை வைத்தே நிரூபித்துக் காட்டக்கூடிய கனம். "நாற்காலி இருக்கிற இடத்துலதான் மரியாதை இருக்கும்," என்று தீர்ப்பளித்தார். "நின்னுட்டே வேலை பார்த்தா கால்தான் வீங்கும், பேர் வராது."

தெர்மாமீட்டருக்கு நாற்காலி பிடிக்காமல் இல்லை. 'பொறுப்பாளர்' என்று மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள், நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பன்னிரண்டு படுக்கைக்கும் தான் ஒருத்தி என்று நினைத்தபோது, நாற்காலிக் கடிதத்தை மற்றதன் அடியில் தள்ளி வைத்தாள். அப்பா அதை எடுத்து மறுபடி மேலே வைத்தார். மூன்று மணிக்குச் சுழல் நாற்காலி ஏகமனதாகத் தேர்வானது.

அந்த வெற்றியைக் கொண்டாடத்தான் மாப்பிள்ளை சட்டைக் கையைச் சுருட்டினார். "வாங்க பொறுப்பாளரம்மா! முதல் பேஷன்ட் நான்தான். பிரஷர் பாருங்க."

அவள் தன் புதுக் கருவியை எடுத்து, பட்டையை அவர் கையில் சுற்றி, காற்றடித்தாள். முகம் மாறியது. மறுபடி அடித்தாள். நூற்றெண்பத்து நான்கு, நூற்றுப் பத்து.

"எவ்வளவு?" என்றார் மாப்பிள்ளை, சிரித்தபடி.

அவள் சொன்னாள். சிரிப்பு அந்த இடத்திலேயே நின்றது.

அடுத்த ஐந்து நிமிடத்தில் மாப்பிள்ளை சோபாவில் கிடத்தப்பட்டார். அம்மா விசிறினாள். அப்பா பழக்க தோஷத்தில் ஒரு தாளை எடுத்து '3.12' என்று குறித்தார். அக்கா அழ ஆரம்பித்தாள். அழுகையைப் பார்த்ததும் மாப்பிள்ளைக்குத் தம் உயிர் போகப்போவது நிச்சயமாகிவிட்டது.

"உங்கிட்ட ஒண்ணு மறைச்சிட்டேம்மா," என்றார் மனைவியின் கையைப் பிடித்து. "சனிக்கிழமை சாயங்காலம் ஸ்டாக் எடுக்கிறேன்னு சொல்வேன்ல? எடுக்கிறதில்ல. ஷோரூம் மெத்தையில தூங்குவேன்."

அக்காவின் அழுகை பாதியில் நின்றது. "கல்யாணமான இந்த மூணு வருஷமாவா?"

தெர்மாமீட்டருக்கு இது எதுவும் காதில் ஏறவில்லை. மூன்றாவது முறை பார்க்கலாமா, நாக்கடியில் மாத்திரை வைக்கச் சொல்லலாமா, ஆம்புலன்ஸைக் கூப்பிடலாமா? கேட்கத் திரும்பினால் பின்னால் விசிறியோடு அம்மாதான் நின்றாள். அப்போதுதான் பட்டையைக் கவனித்தாள். அந்தப் பெருங்கையைச் சுற்றி வந்து, நுனியில் இரண்டு விரல் அகலம் மட்டும் ஒட்டியபடி, இப்பவோ அப்பவோ என்று தொற்றிக்கொண்டிருந்தது. பெரிய கைக்குச் சின்னப் பட்டை போட்டால் அளவு ஏற்றித்தான் காட்டும். பரீட்சையில் இதே கேள்விக்கு இரண்டுக்கு இரண்டு மதிப்பெண் வாங்கியவள் அவள்.

"அத்தான், எழுந்திரிங்க. தெருமுனை கிளினிக் வரைக்கும் போயிட்டு வந்துரலாம்."

"நடந்தா?" என்றார் அவர், சாகக் கிடந்தவரின் நியாயமான கோபத்தோடு.

ஆட்டோவில் போனார்கள். அங்கே அகலப் பட்டை இருந்தது. அவரைப் பத்து நிமிடம் பேசாமல் உட்கார வைத்துப் பார்த்தார்கள். நூற்று இருபத்தாறு, எண்பத்திரண்டு. மாப்பிள்ளை உயிரோடு வீடு திரும்பினார். வாசலில் அக்கா, சனிக்கிழமைகளைப் பற்றிப் பேசக் காத்திருந்தாள். அவர் பிரஷர் நிஜமாகவே ஏறியிருந்தால் அப்போதுதான் ஏறியிருக்கும்.

தெர்மாமீட்டர் அப்பாவுக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"அப்பா, இன்னைக்கு நான் தப்பாப் பார்த்தேன். அங்க நான்தான் பொறுப்பாளர். தப்பாப் பார்த்தா யாரு சொல்லுவா?"

"ஆயா இருக்காங்கல்ல?" என்றார் அப்பா. சொன்ன பிறகு, தாம் சொன்னது தமக்கே கேட்டுவிட்டது.

"எனக்கு அந்த மஞ்சள் அட்டைதான் வேணும்ப்பா. ஆறு மாசம் யாராவது என் கையைப் பார்த்துக்கிட்டே இருக்கட்டும்."

அப்பா இரண்டு கடிதத்தையும் எடுத்து அவள் பக்கம் தள்ளினார். "பத்து மணின்னு போட்டிருக்கு. ஒன்பதே முக்காலுக்கே கூப்பிட்டுச் சொல்லிடு."

திங்கட்கிழமை அப்படியே ஆனது. சுழல் நாற்காலிக்கு நன்றி சொல்லி மறுத்தாள். அந்தச் சின்ன மருத்துவமனை டாக்டர், "வேற யாராவது ஃபிரண்டு இருந்தா அனுப்பி வைம்மா, இன்னைக்கே பொறுப்பாளராக்கிடலாம்," என்றார். பெரிய மருத்துவமனைக்குச் சம்மதம் சொல்லிவிட்டு அறையிலிருந்து வெளியே வந்தபோது, அம்மா தன் தங்கையோடு ஃபோனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"ஆமா, பெரிய ஆஸ்பத்திரிதான். சாதாரணமா இல்லடி! இவளுக்குன்னே தனியா ஒரு சீனியர் நர்ஸைப் போட்டிருக்காங்க. ஆறு மாசத்துக்கு இவ பக்கத்துலயே நிப்பாங்களாம். இவ ஒரு மாத்திரை எடுத்தாக்கூட அவங்க ஓடி வந்து கையெழுத்துப் போடணுமாம். வேற யாருக்குக் கிடைக்கும் சொல்லு?"