ஐயர் துவக்கட்டோ எண்டு கேட்டவர்

அதில்லைப் பிள்ளை, என்ர பேத்தியின்ர மாப்பிள்ளை காருக்குள்ளயே ஒரு மணித்தியாலத்துக்கு மேல இருந்தவர்தான், நான் மறைக்கேல்லை. ஆனா சம்பந்தி வீட்டுச் சண்டை எண்டு கீழ்வீட்டு மனிசி உமக்குச் சொன்னது சுத்தப் பொய். அவ கலியாணத்துக்கு வரவும் இல்லை. காலில வருத்தம் எண்டவ. அதே காலோட அடுத்த நாள் ஜான்-டலோன் சந்தையில வெண்டிக்காய் முறிச்சுப் பாத்துக்கொண்டு நிண்டவ, நானே கண்டனான்.

மாப்பிள்ளைக்குக் கால் கழுவ ஆள் இல்லை. அதுதான் காரணம். எங்கட முறையில மாப்பிள்ளை கலியாண ஹோல் வாசலுக்கு வந்தா, பொம்பிளையின்ர சகோதரன் செம்பில தண்ணி எடுத்து அவற்ற காலைக் கழுவவேணும். அவனைத் தோழன் எண்டுறது. கழுவினாப் பிறகு மாப்பிள்ளை அவனுக்கு மோதிரம் போட்டுவிடுவார். கால் கழுவாமல் மாப்பிள்ளை உள்ளுக்கு வர ஏலாது. மாப்பிள்ளை வராமல் ஐயர் துவக்க ஏலாது. உங்கட சென்னைப் பக்கம் இதெல்லாம் எப்படியோ தெரியாது.

என்ர பேத்தி தனிப்பிள்ளை. அண்ணன் எண்டு அவளுக்கு இருக்கிறது என்ர மற்ற மகளின்ர மோன் ஒருத்தன்தான். நாங்கள் இஞ்ச கனடாவில, அவன் அமெரிக்காவில, பென்சில்வேனியாவில கடை வைச்சிருக்கிறான். சின்னனில ரெண்டும் என்ர வீட்டிலதான் ஒரே கோப்பையில சாப்பிட்டதுகள். அவள் முதலே சொல்லிப்போட்டாள்: "அண்ணா வந்து கழுவினாத்தான் நான் மணவறைக்கு வருவன். வேற ஆரையும் பிடிச்சு நிப்பாட்டினா நான் சீலை மாத்திக்கொண்டு வீட்ட போயிடுவன், அம்மம்மா." செய்யக்கூடிய பிள்ளைதான். தாயைப் போல.

அவனோ துவக்கோட திரியிறவன்.

துவக்கு எண்டா விளங்குதோ? நீங்கள் துப்பாக்கி எண்டு சொல்லுவியள். எங்களுக்கு அது துவக்கு. ஒரு அலுவலைத் தொடங்கிறதும் துவக்கிறதுதான். ரெண்டுக்கும் ஒரே சொல். இதுவரைக்கும் அதால எங்களுக்கு ஒரு கரைச்சலும் வந்ததில்லை.

அவன்ர கடைக்குள்ள ரெண்டுதரம் கள்ளர் பூந்திட்டாங்கள். பேந்து அவன் முறையாய்ப் போய் ஒரு லைசன்ஸ் எடுத்திட்டான். என்ன லைசன்ஸ் எண்டு கேளும். கைத்துவக்கைச் சட்டைக்குள்ள ஒளிச்சு வைச்சுக்கொண்டு திரியிற லைசன்ஸ். எங்கட ஊரில துவக்கை ஒளிச்சு வைச்சாப் பிடிச்சுக்கொண்டு போவாங்கள். அங்க ஒளிக்கிறதுக்குப் படம் போட்டு அட்டை குடுக்கிறாங்கள். நான் கேட்டன், "ஏன்ரா ஒளிக்கிறாய், எல்லாருக்கும் தெரிஞ்சாத்தானே பயப்பிடுவாங்கள்?" எண்டு. "அம்மம்மா, தெரிஞ்சா ஆக்கள் பயப்பிடுவினம்" எண்டான். சரி, பிள்ளை படிச்சவன்.

காரிலதான் வாறன், கடையிலயிருந்து நேர வெளிக்கிடுறன், துவக்கும் வரும் எண்டான். அண்டையிலயிருந்து எனக்குச் சட்டப் படிப்புத்தான். எனக்கு எழுத்து வாசிப்பு இல்லை எண்டு உமக்குத் தெரியும். காதால கேட்டதை மறக்கமாட்டன். ஒவ்வொரு ஸ்டேட்டுக்கும் ஒவ்வொரு சட்டமாம். பென்சில்வேனியாவில அந்த அட்டையோட இடுப்பில வைக்கலாம். நியூயோர்க்குக்குள்ள கால் வைச்சா அந்த அட்டை செல்லாது. குண்டைக் கழட்டி, துவக்கைப் பெட்டியில போட்டுப் பூட்டி, டிக்கிக்குள்ள வைச்சு, வழியில மினக்கெடாமல் ஓடிப்போகவேணும். வேர்மொண்டுக்குள்ள வந்தா அட்டையே தேவையில்லை, திரும்ப இடுப்பு. கனடாவுக்குள்ள கைத்துவக்கைக் கொண்டுவர விடமாட்டினம். நான் இதை இடுப்பு, டிக்கி, இடுப்பு, ஒண்டுமில்லை எண்டு பாடமாக்கி வைச்சிருந்தன். டோர்வல் ஏர்போட்டில வேலை செய்யிற என்ர மருமேனுக்கே இது தெரியாது. நான்தான் சொல்லிக் குடுத்தனான்.

"கனடாவுக்கு ஒண்டுமில்லை எண்டா எங்கயடா வைப்பாய்?"

"வேர்மொண்டில ஒரு துவக்குக் கடையில பாரம் குடுத்திட்டு வருவன். ரசீது தருவினம்."

சைக்கிள் விடுற மாதிரி. முதல் நாள் பின்னேரம் அப்பிடியே குடுத்திட்டு, களைப்பில அங்கயே ஒரு மோட்டலில படுத்திட்டான். விடிய எழும்பிக் கனடாப் போடருக்கு வாறது, அங்கயிருந்து சென்ட் லோரன்ட் ஹோலுக்கு ஒரு மணித்தியாலம். முகூர்த்தம் பதினொண்டு இருபது. எல்லாம் சரி.

நான் பத்து நிமிசத்துக்கு ஒருக்கா அடிச்சுக்கொண்டு இருந்தன். அது பிழை எண்டு இப்ப எல்லாரும் சொல்லுகினம். அவன் போடரில, ஜன்னலைப் பதிச்சு, அந்த யூனிஃபோம் போட்ட பிள்ளையோட கதைச்சுக்கொண்டு நிக்கிறான். துவக்கு இருக்கோ எண்டு இங்கிலீசில கேட்டிருக்கிறாள். இல்லை, வேர்மொண்டில குடுத்திட்டன் எண்டு உண்மையைச் சொல்லியிருக்கிறான். போனில இருந்த ரசீதைக் காட்ட எண்டு அமத்த, என்ர கோல் எடுபட்டு, என்ர சத்தம் கார் முழுக்க:

"தம்பி! துவக்கப் போகினமடா! எங்க நிக்கிறாய்?"

அந்தப் பிள்ளை ஆரெண்டு நினைக்கிறீர்? எங்கட யாழ்ப்பாணத்துப் பிள்ளை. இஞ்ச பிறந்தது. துவங்கு, தொடங்கு எல்லாம் அதுக்குத் தெரியாது, வீட்டில ஸ்டார்ட் பண்ணு எண்டுதான் கதைக்கிறதுகள். ஆனா துவக்கு தெரியும். தேப்பனும் பெரியப்பாவும் இயக்கக்கதை ஆமிக்கதை கதைக்கேக்க கேட்டு வளந்த பிள்ளை. அதுக்குத் துவக்கெண்டா ஒண்டுதான்.

அவனை இறக்கிப்போட்டு என்னோட அவளே கதைச்சாள். "போன்ஜூர். அம்மம்மா, துவக்கு எங்க?"

எனக்குச் சரியான சந்தோசம். வழியில ஆரோ தமிழ்ப்பிள்ளை விலாசம் கேக்குது எண்டு நினைச்சன். "இஞ்சதான் பிள்ளை, சென்ட் லோரன்ட் ஹோலில."

"ஹோலிலயோ? ஆரிட்ட இருக்கு?"

"ஐயரிட்டதான். அவர்தானே துவக்கிறவர். துவக்கட்டோ துவக்கட்டோ எண்டு நிக்கிறார். நாங்கள்தான் பிடிச்சு வைச்சிருக்கிறம்."

பேந்து மெல்லமாய்க் கேட்டாள், "அங்க எத்தினை பேர் இருக்கினம்?"

"முந்நூறு வரும் மோனை. குழந்தையளும் இருக்கு."

"அம்மம்மா, நீங்கள் பயப்பிடாதேங்கோ. அவருக்கு என்ன வேணும்?"

"அவனைத்தான் வேணும். அவன் வந்தா ஒருத்தருக்கும் பிரச்சினை இல்லை. பதினொண்டு இருபதுக்குள்ள முடிக்கவேணும் எண்டு சொல்லிப்போட்டார்."

பிள்ளை, சத்தியமாய் நான் ஒரு பொய்யும் சொல்லேல்லை.

எங்களைக் காப்பாத்தினது நாதஸ்வரக்காரர். அந்த நேரம் பாத்து நாதஸ்வரத்தை ஒருக்கா ஊதிப்பாத்தார். போனுக்குள்ளால அது போயிருக்கு. "அம்மம்மா... இது கலியாண வீடோ?" எண்டாள். "கலியாணம் இல்லாட்டி முந்நூறு பேர் என்ன மயிலாட்டத்துக்கோ வந்திருக்கினம்?" எண்டன். அவள் சிரிச்ச சிரிப்பில அவளோட வேலை செய்யிறவை ஓடி வந்திட்டினமாம்.

சிரிச்சாலும், ஃபோமில எழுதினதை எழுதியாச்சு, தேடித்தான் ஆகவேணுமாம். நாயும் வந்ததாம். சீற்றுக்குக் கீழ துவக்குப் போடுற தோல் பை வெறும் பையாய்க் கிடந்திருக்கு, அதுக்கு அரைமணித்தியாலம். ரசீதைக் காட்டி, அந்தக் கடைக்கே போன் எடுத்துக் கேட்டு, பேந்து விட்டினம். அவன் இஞ்சத்தப் பாலத்தில ஏறப் பத்தே கால். பாலம் முழுக்க றோட்டு வேலைக்கு அந்தச் செம்மஞ்சள் கோன் அடுக்கியிருக்கு, எப்பவும் போல.

இஞ்ச மாப்பிள்ளை ஒம்பதரைக்கே வாசலுக்கு வந்திட்டார். கால் கழுவாமல் உள்ளுக்கு விட ஏலாது, வெளியில குளிர். சப்பாத்தைக் கழட்டி, ஹீற்றரைப் போட்டுக் காருக்குள்ள இருத்திவைச்சம். பட்டு வேட்டியோட, தலைப்பாகையோட, வெறுங்காலோட. மாப்பிள்ளையின்ர பெரியம்மா வந்து, "ஆரும் ஒரு பெடியன் கழுவட்டுமன், தண்ணிதானே" எண்டா. பேத்தி உள்ளுக்கிருந்து, "அம்மம்மா, என்ர கார்த் திறப்பு எங்க? நான் வீட்ட போறன்" எண்டாள். பெரியம்மா அப்பிடியே திரும்பிப் போயிட்டா. ஐயர் மூண்டாந்தரம் துவக்கட்டோ எண்டு கேட்டார். அந்தச் சொல்லை இனி வாயில எடுக்கவேண்டாம் ஐயா எண்டு சொன்னன். மனிசனுக்கு ஒண்டும் விளங்கேல்லை.

பத்து ஐம்பத்தஞ்சுக்கு அவன்ர கார் வந்து நிண்டுது. ஜீன்ஸோட வந்தவனை மருமேன் வாசலிலயே பிடிச்சு, ஜீன்ஸுக்கு மேலால வேட்டியைச் சுத்தி, பெல்ட்டை இறுக்கிவிட்டார். அவன் செம்பைத் தூக்கினான். ரெண்டுதரம் கள்ளரோட மல்லுக்கட்டின பெடியன், மாப்பிள்ளையின்ர பெருவிரலைப் பிடிச்சுக்கொண்டு அழுறான். மாப்பிள்ளை குனிஞ்சு மெதுவாய்ச் சொன்னார், "மச்சான், தண்ணி குளிருது, கெதியாய்க் கழுவு." உள்ளுக்கிருந்து பேத்தி எட்டிப்பாத்து, "அண்ணா, இடது காலும் இருக்கு" எண்டாள். பதினொண்டு பதினெட்டுக்குத் தாலி கட்டியாச்சு. ரெண்டு நிமிசம் மிச்சம்.

அந்தப் போடர்ப் பிள்ளை பின்னேரம் எனக்குப் போன் எடுத்தது. துவக்கியாச்சோ எண்டு கேட்டது. இப்ப அதுக்கும் ரெண்டு அர்த்தமும் தெரியும். எங்கட பெடியனின்ர நம்பரையும் அது வைச்சிருக்கு, ஃபோமில எழுதினதாம். அதைப்பற்றி நான் இன்னும் ஒருத்தருக்கும் சொல்லேல்லை, நீரும் கீழ்வீட்டு மனிசியிட்டச் சொல்லாதையும்.

அவன் மேல் மாடியில நித்திரை. நாளைக்குத் திரும்பிறான். ஒண்டுமில்லை, இடுப்பு, டிக்கி, இடுப்பு. அதுக்குள்ள அந்த வேட்டியில மஞ்சள் தண்ணியும் குங்குமமும் எண்டு, அவன் சுருட்டி வைச்ச மாதிரியே தூக்கி மெஷினில போட்டிட்டன்...

பொறும், என்ன அது டக்கு டக்கெண்டு அடிக்குது? வேட்டி அப்பிடி அடிக்காதே. ஐயோ, துவக்குப் போடுற அந்த வெறுந் தோல் பை, அதையும் வேட்டிக்குள்ள வைச்சுச் சுருட்டிப்போட்டான்! பொறும் பிள்ளை, மெஷினை நிப்பாட்டவேணும்.