கிணற்றடியில் கிடந்த பிளேன் தகடு

நாங்கள் சம்பூருக்குத் திரும்பி வந்து மூன்றாவது வருடம். மாசி மாதத்தில் ஒரு காலை, கிணற்றடியில் உடுப்புத் துவைத்துக்கொண்டிருந்தேன். வாசலில் ஓட்டோ ஒன்று வந்து நின்றது. எழுபத்தைந்து வயதைத் தாண்டிய ஒரு வெள்ளைக்கார அம்மா ஊன்றுகோலுடன் இறங்கினார். அவருக்கு மொழிபெயர்த்துச் சொல்ல, திருகோணமலை டவுனில் இருந்து ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர் ஒருவரும் வந்திருந்தார். ஆசிரியரின் கையில் தடித்த ஃபைல் ஒன்று.

ஃபைலைக் கண்டதுமே எனக்குப் பயம் வந்துவிட்டது. எங்கள் ஊர்ச்சனத்துக்கு இது ஒரு வியாதி. சண்டையில் ஊரைவிட்டு ஓடி, ஏறக்குறைய பத்து வருடம் கிளிவெட்டி முகாமிலும் சொந்தக்காரர் வீடுகளிலும் கிடந்து, கால் தேய அலைந்து, பறிபோன காணியைத் திரும்ப எடுத்தவர்கள் நாங்கள். ஃபைலோடு யார் வந்து என்ன கேட்டாலும் முதலில் 'தெரியாது' என்போம். யோசிப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஆசிரியர் விஷயத்தைச் சொன்னார். இது எங்கள் சண்டைக் கதை இல்லை. ஜப்பான்காரன் திருகோணமலைத் துறைமுகத்தில் குண்டு போட்ட காலத்துக் கதை. அன்று சீனன்குடாவில் இருந்து சண்டை விமானம் ஒன்றை எழுப்பிக்கொண்டு போனவர் இந்த அம்மாவின் அப்பா. அவர் திரும்பி வரவில்லை. விமானம் குடாவுக்கு இக்கரையில், காட்டுக்குள் விழுந்ததாக அவரோடு பறந்த ஒருவர் பின்னாளில் கடிதம் எழுதியிருக்கிறார். அப்பா அதற்குள் இருந்தாரா, வழியில் கடலில் குதித்தாரா என்பது ஒருவருக்கும் தெரியாது. உடலும் கிடைக்கவில்லை. அப்போது இந்த அம்மா தாயின் வயிற்றில். மகள் முகத்தை அப்பா காணவில்லை, அப்பா முகத்தை மகள் படத்தில்தான் கண்டார். அந்தக் கடிதத்தையும் பழைய வரைபடம் ஒன்றையும் வைத்துக்கொண்டு ஊர் ஊராக விசாரித்து, கடைசியில் எங்கள் பக்கம் வந்திருக்கிறார்.

"அந்தப் பிளேனின்ர துண்டு ஏதும் இந்தப் பக்கம் ஆரிட்டையும் இருக்கிறதாக் கேள்விப்பட்டியளோ, தங்கச்சி?"

நான் அதன் மேல்தான் நின்றுகொண்டிருந்தேன்.

என் அப்பப்பா விறகு வெட்டப் போன இடத்தில் கண்டெடுத்து மாட்டுவண்டியில் ஏற்றிவந்த கனத்த இரும்புத் தகடு அது. எங்கள் வீட்டில் அதற்குப் பெயரே 'பிளேன் தகடு'. கிணற்றடியில் சேறு மிதிக்காமல் குளிப்பதற்காகப் போட்டிருந்தது. நானும் தம்பியும் அதில் நின்றுதான் குளித்து வளர்ந்தோம். அதன் மேல்பக்கத்தில் மூன்று குழிகள். அவற்றில் தேங்கும் தண்ணீரை மைனாக்கள் வந்து குடிக்கும்.

நாங்கள் திரும்பி வந்தபோது வீடு இல்லை, வேலி இல்லை, ஒரு தென்னைகூட இல்லை. கிணற்றையும் மூடி மட்டமாக்கியிருந்தார்கள். தங்கள் வளவு எது என்று தெரியாமல் அயலவர்கள் நின்று அழுதார்கள். மண்ணுக்கு மேலே இந்தத் தகட்டின் ஒரு மூலை நீட்டிக்கொண்டிருந்ததைக் கண்டு நாங்கள் தோண்டினோம். கிணறு கிடைத்தது. கிணற்றில் இருந்து காலால் அளந்து வீடு இருந்த இடத்தைப் பிடித்தோம். எங்களுக்கு அதுதான் காணி உறுதிப் பத்திரம். அந்த வீட்டில் எஞ்சியதும் அது ஒன்றுதான். இதைக் காட்டினால் தகட்டைக் கொண்டுபோவார்களா, காணியையே கேட்பார்களா, யார் கண்டது?

"அப்பிடி ஒண்டும் இல்லை, சேர். எங்களுக்கு ஒண்டும் தெரியாது," என்றேன். சொல்லிக்கொண்டே துவைத்த சாரத்தைக் காலடியில் நழுவவிட்டுத் தகட்டை மூடினேன். அதே வாயால் தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போகச் சொன்னேன். விருந்தோம்பலில் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை!

அந்த அம்மா தேத்தண்ணீரைக் குடித்தார். நன்றி சொன்னார். எனக்குக் காட்டிய அப்பாவின் படத்தைப் பிளாஸ்டிக் உறைக்குள் திரும்ப வைத்தார். சிரித்துக்கொண்டிருக்கும் ஒரு இளம் பொடியன். படத்தின் மூலை மடங்கியிருந்தது. அதைப் பெருவிரலால் மெதுவாகத் தடவி நிமிர்த்திவிட்டு உறைக்குள் தள்ளினார். அடுத்த நாள் பின்னேரம் அவர் கொழும்புக்குப் போய்விடுவார் என்று சொல்லி, ஆசிரியர் தன் போன் நம்பரை எழுதித் தந்துவிட்டுப் போனார்.

மத்தியானம் சோறு இறங்கவில்லை. அந்தப் பெருவிரல் கண்ணுக்குள்ளேயே நின்றது. என் அலுமாரியிலும் அப்படி ஒரு உறை இருக்கிறது. அதற்குள் காணாமல்போன என் தம்பியின் படம். அதைக் கொண்டு நான் ஏறாத அரசாங்கக் கந்தோர் இல்லை. போன இடமெல்லாம் ஒரே பதில்தான்: தெரியாது. வெளியே வந்து படத்தின் மூலையைத் தடவி நிமிர்த்தி உறைக்குள் வைப்பேன். தெரிந்துகொண்டே தெரியாது என்கிறவர்களுக்கு எத்தனை தரம் மண் அள்ளித் தூற்றியிருக்கிறேன். அந்த மண் இப்போது என் தலையில்தான் விழுந்தது.

வயலால் வந்த கணவரிடம் சொன்னேன். "கொண்டுபோனால் என்ன செய்வாய்?" என்று கேட்டார். ஆனாலும் போனை எடுத்தேன்.

"சேர், நான் பொய் சொல்லிப்போட்டன். அந்தத் தகடு எங்கட கிணத்தடியிலதான் கிடக்குது."

"ஏன் தங்கச்சி மறைச்சனீங்கள்?"

"பயம், சேர். வேற என்ன."

அடுத்த நாள் காலையிலேயே வந்துவிட்டார்கள். ஆசிரியர் ஃபைலில் இருந்த படமொன்றை எடுத்துத் தகட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தார்.

"இது ஓட்டுறவரின்ர முதுகுக்குப் பின்னால பூட்டுற தகடு. பின்னால இருந்து சுட்டால் மறிக்கிறதுக்கு. இந்த மூண்டும் சூடு பட்ட குழி."

மைனா தண்ணீர் குடித்த குழிகள்! மூன்றில் ஒன்றுகூட மறுபக்கம் துளைத்துப் போகவில்லை. இலக்கமெல்லாம் கறள் தின்றுவிட்டதால் அதே விமானம்தான் என்று சத்தியம் பண்ண ஏலாது என்றும், ஆனால் கடிதத்தின்படி இந்தப் பக்கம் விழுந்தது ஒன்றே ஒன்றுதான் என்றும் ஆசிரியர் ஒளிக்காமல் சொன்னார். அந்த அம்மா ஒவ்வொரு குழியிலும் விரலை வைத்துப் பார்த்தார். பிறகு மறுபக்கத்தைக் காட்ட முடியுமா என்று கேட்டார்.

கணவர் அலவாங்கால் நெம்பிப் புரட்டி, கிணற்றுக்கட்டில் சாத்தி வைத்தார். நான் வாளி வாளியாக ஊற்றிக் கழுவினேன். அந்தப் பக்கத்தை எங்கள் குடும்பத்தில் யாரும் கழுவிப் பார்த்த ஞாபகம் இல்லை. அந்த அம்மா ஊன்றுகோலை என்னிடம் தந்துவிட்டு, ஈர மண்ணிலேயே மெல்ல இருந்து, அந்தத் தகட்டில் முதுகைச் சாய்த்துக் கண்களை மூடிக்கொண்டார். அவருடைய அப்பாவின் முதுகு சாய்ந்திருந்த இடம். எனக்கு அழுகையை அடக்க முடியவில்லை.

அவர் எழும்பியதும், விருப்பமென்றால் கொண்டுபோகச் சொல்லும்படி ஆசிரியரிடம் சொன்னேன். குரல் காட்டிக்கொடுத்துவிட்டது. என்ன என்று அந்த அம்மா கேட்டார். வீட்டையும் கிணற்றையும் தம்பியையும் பற்றி எல்லாம் சொன்னேன். தம்பியின் படத்தையும் எடுத்துவந்து கொடுத்தேன். மண் கையைப் பாவாடையில் துடைத்துவிட்டு வாங்கி, வெகுநேரம் பார்த்தார். திருப்பித் தருமுன் மடங்கிய மூலையைப் பெருவிரலால் நிமிர்த்திவிட்டார்.

"அப்பா சாய்ஞ்ச பக்கத்தை அவ கண்டிட்டாவாம்," என்றார் ஆசிரியர். "நீங்களும் தம்பியும் நிண்ட பக்கம் உங்கடையாம். இருந்த மாதிரியே இருக்கட்டாம்."

தகடு பழைய இடத்திலேயே கிடக்கிறது. மைனாக்களும் வருகின்றன. அந்த அம்மாவுக்குக் கடைசியில் ஒரு இடம் கிடைத்தது, எனக்கு இன்னும் கிடைக்கவில்லை. ஆனால் தெரியாது என்றவர்களுக்கு நான் இப்போது மண் அள்ளித் தூற்றுவதில்லை. என் தம்பியைப் பற்றித் தெரிந்த யாரோ ஒருவரும் என்னைப் போலவே பயந்துபோய் எங்கேயோ இருக்கக்கூடும், ஒருநாள் அவருக்கும் சோறு இறங்காமல் போகும், அன்றைக்குப் போனை எடுப்பார் என்று நம்பிக்கொண்டிருக்கிறேன்.