வயரைப் பிடுங்கிய காலை

துறைமுகத்துக்குப் போகும் சாலையில், ஒரு கப்பல் ஏஜென்சி அலுவலகத்தில் கம்ப்யூட்டர்களைக் கவனிப்பது என் வேலை. மாடி ஜன்னலுக்கு வெளியே கடல் பாதித் தூக்கத்தில் கிடக்கும். துறைமுகத்துக்குள் வர இன்னும் முறை வராத கப்பல்கள் தூரத்து வெளிச்சத்தில் நிற்கும். பார்த்துக்கொண்டே இருந்தால் நானும் மிதப்பது போலிருக்கும்.

அப்படி மிதந்த ஒரு காலையில்தான் கஸ்டம்ஸ் வேலைகளைப் பார்க்கும் அண்ணாச்சி கத்தினார்.

"ஏளா, இங்கன ஓடி வா! எல்லாம் பேரு மாறுது!"

அவர் திரையில் கோப்புகளின் பெயர்கள், யாரும் தொடாமலே, ஒவ்வொன்றாகப் புரியாத எழுத்துகளாகிக்கொண்டிருந்தன. கப்பல் வருகிற செய்தி என்று நம்பி ஒரு மெயிலில் இருந்த இணைப்பைத் திறந்திருக்கிறார். கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கிற வைரஸ் அது. மேஜைக்கடியில் குனிந்து நெட்வொர்க் வயரைப் பிடுங்கினேன். சர்வரையும் மற்ற மேஜைகளில் இருந்த கம்ப்யூட்டர்களையும் அதேபோல் துண்டித்தேன்.

அலுவலகம் அடங்கிப்போனது. மின்விசிறிகள் மட்டும் சுற்றின. தண்ணீருக்குள் நடப்பவர்களைப் போல எல்லோரும் மெதுவாக நடந்தோம்.

அண்ணாச்சி மதியம் சாப்பிடவில்லை. ஜன்னலோரம் நின்றார்.

"என்னால எல்லாம் போச்சுல்லா?"

"கொஞ்சந்தான் அண்ணாச்சி. நீங்க ஒடனே சத்தம் போட்டதாலதான் மிச்சம் தப்பிச்சுது."

"நீதான சொன்னே, தப்பு நடந்தா மறைக்காதிய, யாரும் ஏச மாட்டாவன்னு. அதான் வாயில வந்துட்டு."

முன்பு ஒருநாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, இப்படிப்பட்ட மெயில்களைப் பற்றி நான் நடத்திய வகுப்பில் சொன்னது அது. அன்று அவர் கண்ணை மூடியிருந்தார். தூங்குகிறார் என்றே நினைத்திருந்தேன்.

தினமும் சாயங்காலம் கோப்புகளை ஒரு ஹார்ட் டிஸ்க்கில் நகலெடுத்து, வயரைக் கழற்றி அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவேன். அவருடைய கம்ப்யூட்டரை முழுவதுமாகத் துடைத்துப் புதிதாக நிறுவினேன். சர்வரையும் சோதித்துவிட்டு, பூட்டப்பட்டவற்றுக்குப் பதிலாக முந்தின நாள் எடுத்த நகலைப் போட்டேன். ஜன்னலில் வெயில் மஞ்சளாக இறங்கும்போது பழைய பெயர்கள் திரையில் வரத் தொடங்கின. அண்ணாச்சி பக்கத்தில் உட்கார்ந்து, ஜெபம் சொல்வது போல, ஒவ்வொரு கப்பலின் பெயரையும் மெல்ல வாசித்தார். அன்று காலையில் செய்த வேலை மட்டும் திரும்பவில்லை. மேலாளர் யாரையும் ஏசவில்லை.

மறுநாள் எல்லோருடைய பாஸ்வேர்டையும் மாற்றினோம். அன்றே, கப்பல் வருகிற செய்தி என்று, கொழும்பு ஏஜென்ட் பெயரில் இன்னொரு மெயில் வந்தது. அண்ணாச்சி திறக்கவில்லை. ஏற்கெனவே தன்னிடம் இருந்த அந்த ஏஜென்ட்டின் எண்ணுக்குப் போன் போட்டார்.

"நீங்கதானா அனுப்புனிய?"

ஏஜென்ட்தான் அனுப்பியிருந்தார். அண்ணாச்சி போனை வைக்காமல், அங்கே மழை உண்டா என்று கேட்டுக்கொண்டிருந்தார்.