அத்தை வீட்டு உறுமல்

எதையும் துருவித் துருவிக் கேட்பாள் என்று அண்ணன் அவளுக்கு ‘துருவி’ என்று பட்டம் சூட்டியிருந்தான். வேலை பார்த்த நாளிதழ் உள்ளூர்ச் செய்திப் பக்கத்தையே நிறுத்திவிட்டபோது, துருவி வெளியே வந்து தனியாகச் செய்தித் தளம் ஒன்றைத் தொடங்கினாள். சாப்பாட்டு மேசைதான் அலுவலகம். ஆசிரியர், நிருபர், பிழை திருத்துபவர், வாசகரிடம் வசவு வாங்குபவர் எல்லாம் அவளே.

ஒருநாள் அத்தை போனில் கூப்பிட்டாள்.

“வீடு உறுமுதுடி.”

தையற்கடை நடத்தும் அத்தைக்கும் கற்பனைக்கும் ஏழாம் பொருத்தம். ஆனாலும் குடும்பமே அவளுக்குக் காது மருத்துவரைச் சிபாரிசு செய்துகொண்டிருந்தது. துருவி நேரில் போனாள். சமையலறைச் சுவரில் கை வைத்தாள். லேசாக அதிர்ந்தது. அலமாரியில் டம்ளர்கள் கிணுகிணுத்தன. அந்தச் சுவருக்குப் பின்னால்தான் புது ஷாப்பிங் மாலின் குளிரூட்டும் இயந்திரங்கள் இருந்தன.

அதிகாரிகள் ஏற்கெனவே வந்து அளந்து, சத்தம் வரம்புக்குள்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். துருவியும் ஒரு மீட்டரை இரவல் வாங்கி வந்து அளந்தாள். வரம்புக்குள்தான். கருவியும் பொய் சொல்லவில்லை, அத்தையும் பொய் சொல்லவில்லை என்றால் என்னதான் நடக்கிறது? மண்டை குடைந்தது.

கல்லூரியில் இயற்பியல் கற்பிக்கும் தோழியை இழுத்து வந்தாள்.

“ரொம்பத் தாழ்ந்த சுருதியில வர்ற சத்தத்தைக் காது சரியா வாங்கிக்காது. மீட்டரும் காது மாதிரியே அதைக் குறைச்சுத்தான் கணக்குல எடுக்கும். விதியும் அப்படித்தான் அளக்கச் சொல்லுது” என்றாள் தோழி.

“அப்ப அத்தைக்கு எப்படித் தெரியுது?”

“சுவத்துல, கட்டில்ல, நெஞ்சுல. காது மட்டுமா உடம்பு?”

தாழ்ந்த சுருதியையும் குறைக்காமல் அளக்கும்படி, தோழி மீட்டரில் ஒரு பொத்தானை மாற்றி அமுக்கினாள். அதே அறை, அதே சத்தம், எண் மட்டும் விர்ரென்று ஏறியது. துருவிக்குப் புல்லரித்தது. நாம் எதைக் கேட்கிறோமோ அதற்குத்தான் கருவி பதில் சொல்கிறது. அது நிருபருக்கும் பொருந்துமோ என்று தோன்றியது.

“உடனே குதிக்காத. மால்தான் காரணம்னு இது சொல்லல. ரோட்டுல லாரியும்தானே ஓடுது?” என்றாள் தோழி.

அதனால் காத்திருந்தார்கள். மாலில் இயந்திரங்களை நிறுத்திச் சுத்தம் செய்த ஒரு காலையில் மறுபடி அளந்தார்கள். லாரிகள் ஓடிக்கொண்டேதான் இருந்தன. எண் இறங்கிக் கிடந்தது. இயந்திரங்கள் உயிர்பெற்றதும் ஏறியது.

விளக்கம் கேட்டு மால் மேலாளருக்குப் போன் போட்டாள்.

“மேடம், அதிகாரிங்களே சரின்னு சொல்லிட்டாங்க. நீங்க எழுதினா எங்க வக்கீல் பேசுவார்.”

நாளிதழில் இருந்தபோது இதற்கெல்லாம் தனிச் சட்டப் பிரிவு இருந்தது. இப்போது கணவன்தான் இருந்தான்.

“வக்கீல் வந்தா எங்க உக்கார வைப்ப? மேசை முழுக்க உன் காகிதம்” என்றான். இருவரும் சிரித்தார்கள். ஆனாலும் அவள் அளவுக் குறிப்புகளை இன்னொரு முறை சரிபார்த்தாள்.

எழுதினாள். விதி மீறப்படவில்லை என்பதை முதல் பத்தியிலேயே சொன்னாள். புகார் சொல்பவர் தன் அத்தை என்பதையும் மறைக்கவில்லை. எங்கே, எப்படி அளந்தார்கள், எது இன்னும் தெரியவில்லை என்று ஒவ்வொன்றாக விளக்கினாள். மேலாளர் சொன்னதையும் அப்படியே போட்டாள். ‘மழுப்பல்’ என்று ஒரு வாசகர் திட்டினார். ஆனால் அதே தெருவிலிருந்து, “எங்க வீட்லயும்தாங்க, சொன்னா சிரிப்பாங்கன்னு வாயத் திறக்கல” என்று பலர் பேசத் தொடங்கினார்கள்.

வக்கீல் வரவில்லை. சத்தம் காட்டாமல் மால்காரர்கள் இயந்திரங்களுக்கு அடியில் ரப்பர் மெத்தை வைத்தார்கள். அத்தை நிம்மதியாகப் பகல் தூக்கம் போட்டாள்.

ஆனால் அத்தை இருக்கும் கட்டடத்திலேயே மூன்றாம் மாடியில் குடியிருந்த ஓர் ஓவிய ஆசிரியர் வீட்டில் மட்டும் உறுமல் கூடிவிட்டதாம்.

“அது எப்படிடி?” என்று தோழியிடம் கேட்டாள் துருவி.

“எனக்கும் தெரியல” என்றாள் தோழி, கண்கள் மின்ன.

அன்று மாலையே இருவரும் படியேறினார்கள். கதவைத் திறந்த ஆசிரியரிடம் துருவி வணக்கம்கூடச் சொல்லவில்லை. கட்டில் எந்தச் சுவரை ஒட்டிக் கிடக்கிறது என்றுதான் கேட்டாள்.