கிலோ கடையில் கழற்றிப் போட்ட கோட்டு

இன்று சார்ஜாவில், பழைய துணியை எடை போட்டு விற்கும் கடையில் என் உயிர் ஏழு முறை போய்வந்தது.

குனிந்து தேட வசதியாகக் கோட்டைக் கழற்றித் துணித்தொட்டியின் ஓரத்தில் போட்டேன். அதன் பையில், லீவுக்காக ஆபீசில் அப்போதுதான் திருப்பி வாங்கிய பாஸ்போர்ட். நாளை விமானம். தங்கை மகள் கல்யாணம், நான் தாய்மாமன்.

நிமிர்ந்தால் கோட்டைக் காணோம்.

தொட்டிகளை நான் உலுக்கிய உலுக்கலில் சார்ஜாவே ஆடியிருக்கும். தாய்மாமன் இல்லாத மணமேடை கண்ணில் தெரிந்தது. ஒவ்வொரு தொட்டியாகக் கவிழ்த்தேன்.

கடைசியில் ஒரு யாழ்ப்பாணத்து அம்மாவின் சாக்கில் கோட்டின் கை தெரிந்தது.

"அம்மா, அது என் கோட்டு. உள்ள பாஸ்போர்ட் இருக்கு."

பாஸ்போர்ட்டை வெளியே எடுத்தவர், அதிலிருந்த படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "இது நீங்களோ அண்ணை? இதில நிறைய முடி கிடக்கு."

எந்த இமிக்ரேஷனிலும் நான் இப்படி வியர்த்ததில்லை.

"சரி, இந்தாங்கோ. பாஸ்போர்ட் உங்கட. கோட்டு நான் குவியலுக்குள்ள இருந்து எடுத்தனான். எடையும் போட்டாச்சு."

மனம் மாறிவிடுவாரோ என்று பாஸ்போர்ட்டோடு ஓடிவந்துவிட்டேன்.

அந்தக் கோட்டு, கல்யாணத்துக்கென்று என் மனைவி துபாய் சத்வாவின் தையல் கடைகளில் பார்த்துப் பார்த்துத் தைக்கக் கொடுத்தது. டெய்லரிடம் வாங்கிய கையோடு மாட்டிக்கொண்டு திரிந்தவன் நான்.

இப்போது வீட்டு வாசலில் நிற்கிறேன். பெல்லை அழுத்தக் கை வரவில்லை. என்ன சொல்லலாம்? அவளுடைய முகநூல் நட்புப் பட்டியலில் இல்லாதவர்கள் மட்டும் கமெண்டில் எழுதவும்.