ஓட்டிக் காட்டுங்கண்ணே

சுடர்விழியோடு ஜோடி சேர்ந்து வேலை பார்க்க நல்ல பொறுமை வேண்டும். எனக்கு அது கிடையாது. நாட்டில் எத்தனை மோட்டார், எத்தனை டிராக்டர், எத்தனை அறுவடை மிஷின் இருக்கிறது, இன்னும் எத்தனை வருஷம் உழைக்கும், அதை வைத்து வேலை செய்கிறவர்கள் எத்தனை பேர் என்று ஊர் ஊராகக் கணக்கெடுக்கும் ஒப்பந்த வேலை எங்களுக்கு. நாங்களெல்லாம் வாசலில் நின்று கேட்டு எழுதிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவோம். இவள் மட்டும் “ஓட்டிக் காட்டுங்கண்ணே” என்று நிற்பாள்.

“துருப்பிடிச்சுக் கெடக்கறதயெல்லாம் சொத்துன்னு எழுதுனா நாடு பணக்கார நாடாயிடுமா மேகலா?” என்று என்னையே மடக்குவாள்.

கும்பகோணத்துக்குக் கிழக்கே அந்த ஊருக்கு நாங்கள் போனது ஆவணியில். வாய்க்காலில் சொட்டுத் தண்ணீர் இல்லை. இராஜாங்கம் என்பவரின் வயலும், பக்கத்திலேயே அவர் தம்பி பகலவன் வயலும் கதிர் விடும் நேரம். இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஒரு பழைய பெல்ட் மோட்டார். பாகம் பிரித்ததிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை. மோட்டாரை மட்டும் பிரிக்க முடியவில்லை, கரண்ட் இணைப்பு செத்துப்போன அப்பா பேரிலேயே இருந்தது. ஒருநாள் விட்டு ஒருநாள் முறை வைத்து இறைத்தார்கள்.

“இன்னைக்கு அவன் மொறைம்மா. நான் ஸ்விட்ச்சத் தொட்டா வம்பு” என்றார் இராஜாங்கம்.

“அஞ்சே நிமிஷம்ணே.”

நான் அவள் கையைக் கிள்ளினேன். கேட்டால்தானே!

அவர் ஸ்விட்ச்சைப் போட்டார். பெல்ட் சுழன்றது, தண்ணீர் கொட்டியது. ஓடுகிறது, இன்னும் எட்டு வருஷம் உழைக்கும், வேலை செய்யும் ஆட்கள் இரண்டு பேர் என்று சுடர்விழி எழுதிக்கொண்டாள். மோட்டார் சத்தம் கேட்டு வரப்பில் மண்வெட்டியோடு ஓடிவந்தான் பகலவன்.

“எம் மொறையில ஓட்டிக் காட்டி, கவர்மெண்டுல ஒம் பேருக்கு எழுதிக்கிறியாடா?”

“டேய், இது வெறும் கணக்குடா!”

“யாரு பேருக்கும் எதுவும் மாறாதுங்க!” என்று சுடர்விழி கத்தினாள். யார் கேட்டார்கள்? பேரைக் கேட்டு எழுதினாலே பட்டா மாறிவிட்டது என்று நினைக்கிற ஜனம்.

மண்வெட்டிக் காம்பு அண்ணன் காதோரம் இறங்கியது. ரத்தம் வழிய வழிய அவர் தம்பியின் குரல்வளையைப் பிடித்து நெரித்தார். பகலவனுக்கு விழி பிதுங்கியது. முழங்காலால் அவர் அடிவயிற்றில் ஒரு இடி விட்டான். தடுமாறிய இராஜாங்கம் விழாமலிருக்க வலது கையை நீட்டினார். நீட்டிய இடத்தில் பெல்ட் ஓடிக்கொண்டிருந்தது.

ஐயோ, அந்தச் சத்தம்! சோறு தின்னும்போதுகூட எனக்குக் கேட்கிறது. சுடர்விழி பாய்ந்து ஃபியூஸைப் பிடுங்கினாள். அவள் முகமெல்லாம் ரத்தம். “அண்ணே, அண்ணே” என்று தலையில் அடித்துக்கொண்ட பகலவன், கொட்டகைக்குள்ளிருந்து கடப்பாரையை உருவினான். “சனியனே, ஒன்னாலதான!” என்று மோட்டாரைக் குத்திக் குத்தி உடைத்தான். போலீஸ் வந்து அவனைக் கொண்டுபோனது. பத்து நாளில் இரண்டு வயலும் சருகாகிவிட்டன.

மூன்று வாரம் கழித்து, “நான் எழுதுனது இப்பப் பொய்யாயிடுச்சு, மாத்தணும்” என்று சுடர்விழி மறுபடியும் கிளம்பினாள்.

“ஒனக்குப் பைத்தியமாடி? அந்த வீட்டு வாசப்படிய எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு மிதிப்ப?” என்று திட்டினேன். திட்டிக்கொண்டே நானும்தான் போனேன்.

இராஜாங்கம் கயிற்றுக்கட்டிலில் கிடந்தார். அவர் பெண்சாதி அம்சவல்லி எங்களை ஏசவில்லை. ஏசியிருந்தால் தேவலை.

“எழுதிக்கம்மா. மோட்டாரு இல்ல. தம்பி செயில்ல. இவருக்கு இனிமே வேல இல்ல” என்றாள்.

சுடர்விழி, ஆட்கள் இரண்டு பேர் என்றிருந்ததை அடித்துவிட்டுப் பூஜ்யம் போடப் போனாள். அம்சவல்லி குனிந்து, புருஷன் மேல் கிடந்த துண்டை விலக்கினாள். முழங்கைக்குக் கீழே ஒன்றுமில்லை.

“நீதான் பாக்காம எழுதமாட்டியே. பாத்துட்டு எழுது.”