எட்டைத் தாண்டிய கணக்கு

எங்கள் வீட்டில் என் வயது அப்பாவின் வசதிக்குத் தக்கபடி ஏறி இறங்கும். கன்றுக்குட்டிக்குத் தண்ணீர் காட்டச் சொன்னபோது நான் சுணங்கினால், "ஒம்பது நடக்குது, இன்னும் என்ன வெளையாட்டு?" என்பார். உசிலம்பட்டிப் பக்கம் எல்லோருக்கும் அதுதான் வழக்கம். முடிந்த வயதை யாரும் சொல்வதில்லை, நடக்கிற வயதைத்தான் சொல்வார்கள். ஆனால் சித்திரை பிறந்து, மதுரையில் அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க வண்டி கட்டும் பேச்சு எழுந்ததும், நான் திடீரென்று எட்டாகிவிட்டேன்.

"எட்டைத் தாண்டுன பிள்ளைகதான் வண்டியில ஏறணும்." இது அப்பா போட்ட சட்டம். பெரியப்பா பிள்ளைகள் எல்லோரும் எப்போதோ தாண்டியவர்கள். எனக்குத் தை மாதம்தான் எட்டு முடிந்திருந்தது. ஒன்பது முடியட்டும், அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார் அப்பா. வருடம் முழுக்க ஒன்பது, திருவிழாவுக்கு மட்டும் எட்டா? இதில் ஏதோ சூது இருக்கிறதென்று எனக்குப் பட்டது. வண்டியில் இடம் போதாமல் என்னைக் கழித்துவிடுகிறார்களா, அல்லது அங்கே நான் பார்க்கக்கூடாத ஒன்று இருக்கிறதா? அம்மாவைக் கேட்டால் அடுப்பைப் பார்த்துக்கொண்டே பேச்சை மாற்றினாள். சந்தேகம் முற்றிவிட்டது.

அப்போது சித்தப்பா மதுரைக் கல்லூரியிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்தார். கணக்குப் படிப்பவர். அவரையும் நான் நம்பவில்லை. ஒரு வெள்ளரிப்பிஞ்சு கொடுத்தால்கூடப் பதிலுக்கு முதுகைச் சொறியச் சொல்லும் ஆள். என் முகத்தைப் பார்த்துவிட்டு, கரித்துண்டு ஒன்றை எடுத்துக்கொண்டு மாட்டுத்தொழுவத்துச் சுவரருகே என்னைக் கூட்டிப்போனார்.

"ஒரு எண்ணு. அதோட மூணைக் கூட்டுனா பதினொண்ணை விடப் பெருசா வரணும். எந்த எண்ணு?"

ஒன்பது என்றேன். பத்து வராதா என்றார். வரும். நூறு? அதுவும் வரும். ஒரு கணக்குக்கு இத்தனை விடையா? இப்படி எழுதினால் எங்கள் வாத்தியார் கையைப் பழுக்க வைத்துவிடுவார். சித்தப்பாவுக்கே விடை தெரியாமல்தான் மழுப்புகிறார் என்று நினைத்தேன்.

அவர் சுவரில் நீளமாக ஒரு கோடு இழுத்தார். அதில் வரிசையாக எண்களைக் குறித்தார். "ரெண்டு பக்கமும் மூணை எடுத்துரு. எண்ணு எட்டை விடப் பெருசுன்னு ஆச்சா? அப்ப எட்டு சேராது" என்று எட்டின்மேல் உள்ளே நிரப்பாத ஒரு வட்டம் போட்டார். அங்கிருந்து வலது பக்கமாகக் கோட்டை அழுத்தித் தீட்டி, முனையில் அம்புக்குறி வைத்தார். தீட்டின இடமெல்லாம் விடையாம்.

எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் எதற்காகத் தீட்டினார்? கோலத்தில் புள்ளிக்கும் புள்ளிக்கும் நடுவே ஒன்றும் கிடையாதே. கேட்டேன்.

"எட்டரையோட மூணைக் கூட்டிப் பாரு."

பதினொன்றரை. பதினொன்றைவிடப் பெரிதுதான். எட்டேகாலைக் கூட்டிப் பார்த்தேன், அதுவும் சரி. தையிலிருந்து சித்திரை மூன்று மாதம், அதாவது கால் வருடம். நான் எட்டேகால்! தீட்டின கோட்டின்மேல்தான் நிற்கிறேன்! கத்திக்கொண்டே ஓடி, அப்பாவின் வேட்டியைப் பிடித்து இழுத்துவந்தேன்.

மூச்சுவிடாமல் விளக்கினேன். அப்பா அம்புக்குறியைப் பார்க்கவே இல்லை.

"அந்த எட்டு மட்டும் ஏன் ஓட்டையா இருக்கு?" என்று சித்தப்பாவைக் கேட்டார்.

"அது இதுல சேராதுண்ணே. அது இல்லைன்னு காட்டத்தான்..." என்று தொடங்கிய சித்தப்பா பாதியில் நிறுத்திவிட்டார். கரித்துண்டைக் கையில் உருட்டினார். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்றார்கள். பெரியவர்கள் எனக்குத் தெரியாமல் ஏதோ முடிவெடுக்கிறார்கள் என்று நான் மாறி மாறிப் பார்த்தேன்.

"சரி, வரட்டும்" என்று அப்பா போய்விட்டார்.

கணக்கு ஜெயித்துவிட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஆனால் மதுரைக்குப் போயும் நிம்மதியில்லை. ஆற்று மணலில் அப்பா என் மணிக்கட்டை விடவே இல்லை. தண்ணீர்ப்பந்தலில் பெரியப்பா பிள்ளைகள் பானகமும் நீர்மோரும் முட்ட முட்டக் குடித்தார்கள். எனக்கு மட்டும் அம்மா வீட்டில் காய்ச்சி எடுத்துவந்த தண்ணீர். ஓசியில் கிடைப்பதைக்கூடத் தடுக்கிறாரே, கணக்கில் தோற்ற ஆத்திரம்தான் என்று முடிவுகட்டினேன். அழகரையும் குதிரையையும் அப்பாவின் தோள்மேலிருந்து பார்த்தேன். நெரிசல் கலையும் வரை அவர் என் கால்களை இறுக்கிப் பிடித்தபடியே இருந்தார்.

இதற்கெல்லாம் காரணம் தெரிய எனக்கு என் மகனுக்கு எட்டு வயதாகும் வரை ஆயிற்று. அவனைத் திருவிழாவுக்குக் கூட்டிப்போகிறேன் என்றபோதுதான் அம்மா வாய் திறந்தாள். "ஒனக்கு முன்னால ஒருத்தன் இருந்தான்டி" என்றாள். அந்த அண்ணனுக்கு அப்போது எட்டு வயது. அழகரைப் பார்த்துவிட்டு ஆற்று ஊற்றில் ஆசையாகத் தண்ணீர் குடித்திருக்கிறான். மறுநாள் வாந்திபேதி கண்டுவிட்டது. வண்டியை விரட்டியும் வீடு வந்து சேரவில்லை. செக்கானூரணி தாண்டி ஒரு புளியமரத்தடியில் உயிர் போய்விட்டது. அதன்பிறகு வீட்டில் அவன் பேச்சே கூடாது என்றாகி, எனக்குப் பெயர்கூடத் தெரியாமல் போனது.

இதெல்லாம் தெரியாத நான், அன்று திரும்பும் வழியில் செக்கானூரணி தாண்டி அப்பா வண்டியை நிறுத்தச் சொன்னபோது உஷாராகிவிட்டேன். அவர் மட்டும் இறங்கி ஒரு புளியமரத்தின் பின்பக்கம் போனார். எட்டிப்பார்த்த என்னை அம்மா இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டாள். வெகுநேரம் கழித்து, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே அப்பா வந்து ஏறினார். நான் அவர் வாயையே உற்றுப் பார்த்தேன்.

"எங்களுக்குத் தெரியாம என்னப்பா தின்னீக?" என்று கேட்டேன்.